கடைசிப் பக்கம் இல்லாத பேய்கள்

1

அபுதாபியில் அக்டோபர் பாதி தாண்டியதும் ஒரு நாள் காலையில் காது அடைத்துப்போன மாதிரி இருக்கும். காதில் கோளாறு ஒன்றுமில்லை. ஏசி நின்றிருக்கிறது. ஏப்ரலிலிருந்து உறுமிக்கொண்டிருந்த ஜன்னல் ஏசிகளை ஒவ்வொரு வீட்டிலும் அணைத்திருப்பார்கள். அப்போதுதான் இந்தக் கட்டடத்தில் மனுசர்கள் குடியிருப்பதே தெரியவரும். ஒருவர் இருமுவார். ஒரு வீட்டில் குக்கர் கூப்பிடும். ஒரு புருசனும் பெண்டாட்டியும் எனக்குத் தெரியாத பாஷையில் சண்டை போடுவார்கள், ஆனால் யார் ஜெயிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இதுதான் இங்கே இலையுதிர் காலம். உதிர இலை இல்லாத ஊர் வேறு என்னதான் செய்யும்?

நேற்று காலையில் எங்கள் வீட்டிலும் ஏசி நின்றது. மருமகன் அணைத்துவிட்டு முசஃபாவில் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். மகள் ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போனாள். பேத்தி ஸ்கூலுக்குப் போனாள். நான் அடுக்களை ஜன்னலைத் திறந்து, பால்பவுடர் டின்னில் புத்தகத்தைச் சாய்த்து வைத்து, கையில் சாளை மீனோடு முதல் வரியைச் சத்தமாகப் படித்தேன். "நள்ளிரவு பன்னிரண்டு மணி." மணி அப்போது காலை பதினொன்று.

ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். பேய்க்கதையைப் பட்டப்பகலில் மீன் கழுவிக்கொண்டா படிப்பது என்று. ராத்திரியில் படித்தால் எனக்குப் பயமாக இருக்கும், வேறென்ன?

இப்படிப் படித்ததால் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். மூன்றிலும் பாதிதான். மீதிப் பாதியில் தம்பி பிறந்தான், அவனை வைத்துக்கொள்ள ஒரு இடுப்பு தேவைப்பட்டது. எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். இன்றைக்கும் வாய் அசையாமல் எனக்குக் கண் ஓடாது. பத்திரிகையாகட்டும், மருந்துச் சீட்டாகட்டும், சத்தம் போட்டால்தான் அது எனக்குப் புரியும். ஆஸ்பத்திரியில் வைத்து "உள்ளே வரக்கூடாது" என்ற போர்டை நான் படித்த சத்தத்தில் டாக்டர் வெளியே வந்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் நாவல் படிக்க ஆரம்பித்தேன். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்கள். முதலில் ஒரு குடும்ப நாவல் வாங்கினேன். அதில் ஒரு மாமியார், ஒரு நாத்தனார், தினமும் அழுகை. இதற்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும், இதெல்லாம் வீட்டிலேயே இருந்தது. பேய்தான் எங்கள் வீட்டில் இல்லாத சரக்கு. அன்றிலிருந்து பேய் நாவல்தான்.

மனசு உறுத்தி, எங்கள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டியிட்டுப் பாவத்தைச் சொன்னேன்.

"எத்தனை படிப்பீங்க?" என்றார்.

"மாசம் ரெண்டு, சாமி. இப்ப ஒரு புளியமரத்துப் பேய் ஓடுது."

பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். நான் எழுந்திரிக்கப் போனபோது கம்பி வலைக்குள்ளிருந்து குரல் இறங்கி வந்தது. "அந்தப் புளியமரத்துக் கதை முடிஞ்சுதுன்னா இங்க கொண்டு வாங்க."

3

அபுதாபிக்கு வந்த பிறகு எனக்குப் புத்தகம் வருகிற வழி, லீவுக்குப் போய்த் திரும்புகிற நர்ஸ் பிள்ளைகளின் பெட்டிதான். என் மகள் ஜெசிந்தாவோடு வேலை பார்க்கிற பிள்ளைகள். எல்லாம் எங்கள் கடற்கரைப் பிள்ளைகள். பள்ளிக்கூட லீவு முடிந்து திரும்பும்போது நேந்திரங்காய் வற்றலுக்கும் கருவாட்டுக்கும் இடையில் என் பேய்களும் வரும். ஆகவே செப்டம்பர், அக்டோபரில்தான் எனக்கு அறுவடை.

முதல் தடவை ஒரு பிள்ளை முழுப் புத்தகமாகக் கொண்டுவந்தாள். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்த அதிகாரி கருவாட்டை ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். ஒரு மண்டையோடு, அதன் வாயில் எலுமிச்சம்பழம், பழத்தில் ஏழெட்டு ஊசி, பின்னால் தலையை விரித்துப் போட்டு ஒருத்தி. இந்த நாட்டில் மந்திரவாதம் சாதாரணக் குற்றமில்லை, ஜெயிலில் தள்ளிவிடுவார்கள். அந்தப் பிள்ளை அரை மணி நேரம் "ஸ்டோரி சார், ஓல்ட் லேடி சார், டைம் பாஸ் சார்" என்று அழுதிருக்கிறாள். அதிகாரி கடைசியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆளை விட்டார்.

அன்றைக்கே ஜெசிந்தா உத்தரவு போட்டாள். "எம்மாவுக்குக் கொண்டு வரணும்னா அட்டையக் கிழிச்சிட்டுக் கொண்டு வாங்க. இல்லன்னா வேண்டாம்."

அதிலிருந்து எனக்கு வருகிற பேய்களுக்கு முகம் கிடையாது. புத்தகத்தின் பெயர் தெரியாது, எழுதியவர் பெயர் தெரியாது. போகட்டும் என்று விட்டேன். ஆனால் இன்னொரு சங்கடம் இருந்தது. இவர்கள் நர்ஸ்கள். நோயாளியின் பிளாஸ்திரியைப் பிடுங்குகிற கை. பின்னட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. அட்டையோடு ஒட்டிக்கொண்டு கடைசித் தாளும் போய்விடும். பேய் யார், ஏன் வந்தது, யார் அவளைக் கொன்றது, எல்லாம் அந்தக் கடைசித் தாளில்தான் இருக்கும்.

ஜெசிந்தாவிடம் முறையிட்டேன்.

"எம்மா, நூத்தம்பது பக்கம் கெடக்குல்ல, ஒரு பக்கத்துக்கு இப்படி அழுவியா?"

"ஏட்டி, ஆபரேசன் பண்ணி கடைசித் தையல் மட்டும் போடாம விடுவியா நீ?"

"பேசாம நீயே ஒரு தையல் போட்டுக்கோ."

மகள் கோபத்தில் சொன்னது. நான் அப்படியே செய்துவிட்டேன்.

4

நான் சொல்ல வந்த அந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பு மாதமும் அக்டோபரில் வந்தது. நோன்பு தொடங்கிப் பத்துப் பதினைந்து நாளில் ஏசிகள் நின்றன. எங்கள் கட்டடத்தில் எல்லா அடுக்களை ஜன்னலும் நடுவில் இருக்கிற ஒரு சதுரக் குழியைப் பார்த்துத்தான் திறக்கும். குழாய்களும், புறா எச்சமும், மேலே கைக்குட்டை அளவு ஆகாயமும் உள்ள குழி. அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் நான் கிணற்றுக்காரியைப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்துக்குப் பெயர் இல்லாததால் நான் வைத்த பெயர் அது. ஒரு பெரிய வீடு. பின்னால் ஒரு கிணறு. அதில் விழுந்து செத்த ஒரு மருமகள். தினமும் தண்ணீர் இறைத்தால் வாளியில் ஒரு கண்ணாடி வளையல் வரும்.

"வாளியை விட்டாள். கயிறு கனத்தது." என்று படித்துவிட்டு, தாளைத் திருப்ப ஈரக் கையைத் துடைத்தேன்.

"அப்புறம்?"

குரல் குழிக்குள்ளிருந்து வந்தது. பெண் குரல். தமிழ். என் கையிலிருந்த கத்தி விழுந்தது, மீன் விழுந்தது, நான் விழாதது மாதாவின் கிருபை.

"யாரு?"

"நான்தாங்க அம்மா. மேல் வீட்டு கிச்சன்ல வேல செய்றேன். புவனேஸ்வரி. நிறுத்திட்டீங்களே, கயிறு மேல வந்துச்சா இல்லையா?"

"ஏட்டி, நீ மனுசியா?"

"மனுசிதாங்க. மலையகம்."

"அது எந்த லோகத்துல இருக்கு?"

"ஹட்டன் பக்கம்ங்க. சிலோன்." எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம், ஒரு மாடி மேலே, ஜன்னல் கம்பிக்குள் ஒரு மெலிந்த முகம், தலையில் துணி. "நாலு நாளா கேட்டுக்கிட்டு இருக்கேன். முந்தாநாள் ஒரு பக்கத்த ரெண்டு தடவ படிச்சீங்க. அந்த எடம் அவ்வளவு நல்லா இருந்துச்சுங்களா?"

"அது ஒண்ணுமில்ல, வரி தப்பிப் போச்சு."

அவள் சிரித்தாள். இரண்டு வருஷமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறாளாம். கீழே தெருவுக்கு இறங்கியது மொத்தமே ஏழெட்டுத் தடவையாம். மூன்று வயதுப் பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள். காண்ட்ராக்ட் போன மாதமே முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் அவள் வேலை செய்யும் வீட்டு மேடத்தின் பீரோவில் இருக்கிறது. நோன்புப் பெருநாள் முடிந்ததும் டிக்கெட் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

"பெருநாளைக்குள்ள கதை முடிஞ்சிடுமா அம்மா?"

"முடிச்சிடலாம் மக்களே," என்றேன்.

5

ஷெரினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி, அப்போது பத்து வயது. அவளுக்கும் அக்டோபரில்தான் பேய் சீசன். சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளைக்காரர்களின் பேய்த் திருநாளுக்காக மஞ்சள் பூசணிக்காய்க்குக் கண், மூக்கு வெட்டி வைத்திருந்தார்கள். ஷெரின் ஒரு கூர்த்தொப்பியும் துடைப்பமும் வாங்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் பேயாகப் போகக் கிளம்பினாள்.

"துடைப்பம் எதுக்கு மக்களே? கூட்டப் போறியா?"

"நோ பாட்டி, விட்ச் இதுல பறக்கும்."

"எங்க ஊர்ப் பேய்க்கு வண்டி வாகனம் ஒண்ணும் கெடையாது. பாவம், நடந்துதான் வரும்."

"பாட்டி, யூ வோன்ட் அண்டர்ஸ்டாண்ட்."

சரி, நம் பேயையும் இவளுக்குக் கொஞ்சம் அறிமுகப்படுத்தலாம் என்று நாவலைக் கையில் கொடுத்து ஒரு வரி படிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வலமிருந்து இடமாக அரபி படிக்கிறவள். புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறந்தாள். "லாஸ்ட் பேஜ் இல்லையே பாட்டி," என்றாள். எங்கள் வீட்டில் என் துக்கத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்தவள் அவள்தான். உடனே துடைப்பத்தில் ஏறிப் போய்விட்டாள்.

6

மேல் வீட்டு மேடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. செருப்புச் சத்தமும் ஏலக்காய் போட்ட காப்பி வாசனையும்தான் எனக்கு மேடம். புருசன் அடுத்த நாட்டில், ராஸ் லஃபானில் இன்ஜினியர், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வருவார். இரண்டு பிள்ளைகளும் கனடாவில் படிக்கிறார்கள். அந்தப் பெரிய வீட்டில் மேடமும் புவனேஸும் மட்டும்தான்.

நோன்பு நாளில் சாயங்காலம் நாலு மணியிலிருந்து, நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் வரை நேரம் நகராது. மேடம் அடுக்களையில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் கேட்டிருக்கிறார், கீழ் வீட்டுக் கிழவி தினமும் என்ன ஓதுகிறாள், ஜெபமா என்று. புவனேஸ் பொய் சொல்லத் தெரியாதவள்.

"கதை மேடம். பேய்க்கதை."

மேடம் பயப்படுவார் என்று நினைத்தாளாம். மேடமோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நோன்பு மாதத்தில் ஷைத்தான்களையெல்லாம் சங்கிலியில் கட்டிப் போட்டிருப்பார்களாம். ஒன்றும் வெளியே வராது, தைரியமாகச் சொல்லு என்றிருக்கிறார். அன்றிலிருந்து காலை பதினொன்றுக்கு நான் புவனேஸுக்குச் சொல்வேன், சாயங்காலம் நாலுக்கு அவள் மேடத்துக்கு அடுக்களை அரபியில் சொல்வாள். என் பேய் ஒரு மாடி ஏறுவதற்குள் பாஷை மாறி, மதம் மாறி, கண்ணாடி வளையல் தங்க வளையலாகிவிட்டது. மேடத்துக்குக் கண்ணாடி வளையல் பிடிக்கவில்லையாம்.

பெருநாளுக்கு முந்தின நாள் புத்தகம் முடிந்தது. கடைசியாகக் கையில் இருந்த வரி இது: "கிணற்றுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு கை." அவ்வளவுதான். அந்தக் கைக்கு மேல் நர்ஸ் பிள்ளையின் கை.

கடைசித் தாள் இல்லை என்று புவனேஸிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. "கை என்ன செஞ்சுது அம்மா?" என்று அவள் கேட்டதும், கை என்ன செய்தது என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். வாய் என்னுடையதுதானே. மறுநாள் இன்னொரு கை வந்தது. அதற்கு மறுநாள் கிணற்றுக்குள் ஒரு கதவு இருந்தது. கதவுக்குப் பின்னால் இன்னொரு வீடு. புத்தகம் பதினைந்து நாளில் முடிந்தது. அதன் கடைசிப் பக்கம் மட்டும் நாற்பது நாள் ஓடியது.

7

பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் புவனேஸ் டிக்கெட் கேட்டாள். மேடம் சிரித்துக்கொண்டே, "கதை முடியட்டும்," என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று இவள் நினைத்தாள். அடுத்த வாரம் கேட்டபோதும் அதே பதில்தான், ஆனால் மேடம் சிரிக்கவில்லை.

இதை அவள் ஜன்னலில் நின்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, பெருமை. உண்மையைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பில் பாதி படித்தவள் கதையைக் கேட்க ஒரு இன்ஜினியர் பெண்டாட்டி ஆளை அனுப்ப மாட்டேன் என்கிறாள்! அன்றைக்கு நான் மீன் குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டேன்.

புவனேஸ் சிரிக்கவில்லை. "ஜனவரியில பள்ளிக்கூடம் தொறக்குறாங்க அம்மா. பாப்பாவுக்கு மொதலாம் ஆண்டு. மொத நாள் நீ வருவியா, இல்ல போட்டோதான் வருமான்னு போன்ல கேக்குது."

அதன் பிறகு குழம்பு எனக்கே இறங்கவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பிடித்து வைத்திருப்பது மேடத்தின் பீரோ மட்டுமில்லை. என் வாயும்தான்.

கதையை முடிக்கப் புறப்பட்டேன். கிணற்று வீட்டில் உள்ள ஐந்து பேரையும் ஒரே நாளில் கொன்றேன். மாமியார், புருசன், கணக்குப்பிள்ளை, ஒருத்தரையும் விடவில்லை. சுபம்.

மறுநாள் புவனேஸ் ஜன்னலுக்கு வந்தாள். "மேடம் ரொம்ப சந்தோசமா இருக்காங்க அம்மா."

"என்னத்துக்கு?"

"இது வரைக்கும் ஒரு பேய். இப்ப ஆறு ஆயிடுச்சாம். அந்த ஆறும் என்ன செய்யப் போகுதுன்னு கேக்குறாங்க."

பேய்க்கதையில் உள்ள பெரிய தொந்தரவு இதுதான். செத்தாலும் யாரும் போக மாட்டேன் என்பார்கள்.

அடுத்து ஒரு மந்திரவாதியைக் கொண்டுவந்து ஆறு பேயையும் ஒரு குப்பியில் அடைத்து, மூடி, நடுக்கடலில் எறிந்தேன். மேடம் கேட்டனுப்பினார்: அந்தக் கடலில் மீன் பிடிப்பவர்கள் இல்லையா? நான் கட்டுமரக்காரன் பெண்டாட்டி. வலையில் என்னவெல்லாம் ஏறும் என்று எனக்குத் தெரியாதா? குப்பி நிச்சயம் ஏறும். கடைசியில் கதையைக் கெடுத்துப் பார்க்கலாம் என்று என் பித்தப்பை ஆபரேசனை முழுக்கச் சொன்னேன். அதுதான் இதுவரை சொன்னதிலேயே பயங்கரம் என்றாராம்.

டிசம்பர் வந்துவிட்டது. குளிருக்கு ஜன்னல்களை மூட ஆரம்பித்தார்கள்.

8

"நான் மேல போயி மேடத்துக்கிட்ட பேசப் போறேன்," என்றேன்.

ஜெசிந்தா கையிலிருந்த சப்பாத்திக் கட்டையைக் கீழே வைத்தாள். "எம்மா, நீ பேசாம இரி. அடுத்தவங்க வீட்டு மெய்டு விசயம். போலீசுக்குப் போனா உன் விசாதான் போவும்."

என் விசாவின் அருமை எனக்குத் தெரியும். வருஷா வருஷம் புதுப்பிக்கிற விசா. ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சைப் படம் எடுப்பார்கள். டைப்பிங் சென்டரில் என் பெயரை அரபியில் அடித்து வாசித்துக் காட்டினான், அது வேறு யாரோ ஒரு பொம்பளை. கவுண்டரில் கையெழுத்துக் கேட்டார்கள். என் கையெழுத்து மெதுவாகத்தான் வரும், ஒவ்வொரு எழுத்தையும் சொல்லிச் சொல்லிப் போட வேண்டும். பின்னால் வரிசையில் நின்ற, தமிழே தெரியாத ஒரு பட்டாணியர் என்னோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அதோட உன் விசாவுல வேலை செய்யக் கூடாதுன்னு போட்டிருக்கு," என்றாள் ஜெசிந்தா.

"ஏட்டி, பேசுறது ஒரு வேலையா?"

"நீ பேசுறது வேலைதான்."

மறுநாள் அவள் டூட்டிக்குப் போனதும் அச்சுமுறுக்கு டப்பாவோடு மேலே போனேன். ஒரு மாடிதான். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். இத்தனை பேயைப் படித்தும் ஒரு காலிங்பெல்லை அமுக்கப் பயம்.

மேடமே கதவைத் திறந்தார். நான் நினைத்திருந்த மாதிரி வாட்டசாட்டம் இல்லை. குள்ளம், மூக்குக் கண்ணாடி, தலையில் பாதிக்கு மேல் நரை. புவனேஸ் பின்னால் வெளிறிப்போய் நின்றாள். இந்தக் கிழவிதான் கதைக்காரி என்று தெரிந்ததும் மேடம் என் இரண்டு கையையும் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சொல்லுட்டி," என்றேன் புவனேஸிடம். "மேடம், கதை உண்டாக்குறது இவ இல்ல, நான். இவ வெறும் குழாய். டேங்க் கீழ் வீட்டுல இருக்கு. இவள ஊருக்கு விடுங்க, கதை சொல்ல நானே வாறேன். அவ பிள்ள இவளப் பாத்துட்டுக் கெடக்கு. சொல்லு."

புவனேஸ் அரபியில் இரண்டே வார்த்தை சொன்னாள். மேடம் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.

"நான் இம்புட்டு சொன்னேன், நீ என்னத்தட்டி சொன்ன?"

"சொகமா இருக்கீங்களான்னு கேக்குறீங்கன்னு சொன்னேன் அம்மா. பயமா இருக்குங்க."

இவளை நம்பிப் பிரயோசனமில்லை. எனக்குத் தெரிந்த அரபி மூன்றே மூன்றுதான்: யல்லா என்றால் நடக்கட்டும், கல்லாஸ் என்றால் முடிந்தது, மாஃபி என்றால் இல்லை. ஆகவே பேச்சை விட்டுவிட்டு, கொண்டையை அவிழ்த்தேன். மூலையில் மேல்மூடி வைத்த வாஷிங் மெஷின் இருந்தது. அதுதான் கிணறு. மூடியைத் திறந்து வைத்துவிட்டு மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அறுபத்து நாலு வயதில் அப்படி உட்காருகிற கஷ்டம் எனக்கும் முட்டிக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். பிறகு ஒரு கையை மட்டும் மெதுவாக மேலே விட்டேன். ஒவ்வொரு விரலாக. விரல்கள் மெஷினின் விளிம்பைத் தடவிப் பிடித்தன. அப்புறம் தலைமயிர். அப்புறம் ஒரு கண்.

மேடம் போட்ட கூச்சலில் குழிக்குள் இருந்த புறாவெல்லாம் பறந்தது. புவனேஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "யல்லா, யல்லா!" என்றார். மேலே நடக்கட்டுமாம்.

நான் எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை முடிந்தேன். "மாஃபி."

மேடம் ஏன் என்று கை விரித்தார்.

புவனேஸைக் காட்டினேன். இரண்டு கையையும் விரித்து ஏரோப்ளேன் மாதிரி ஆட்டினேன். உள்ளங்கையை இடுப்பளவுக்குத் தாழ்த்திப் பிள்ளையின் உயரத்தைக் காட்டினேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டு, கீழ் வீட்டைக் காட்டி, வாஷிங் மெஷினைக் காட்டினேன். இவள் போனால் நான் வருவேன். இவள் போகாவிட்டால் கிணறு கல்லாஸ்.

மேடத்தின் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல ஏதோ சொன்னார். புவனேஸ் அழ ஆரம்பித்தாள்.

"என்னட்டி சொல்லுகா? விட மாட்டாளாமா?"

"இல்லீங்க. நீ போனா இந்த வீட்ல என்கிட்ட பேச யாரு இருக்கான்னு கேக்குறாங்க."

அதற்கு என் மூன்று வார்த்தை போதாது. நான்கு விரலைக் காட்டினேன். நாலு மணி. தினமும். மேடம் என் விரல்களைப் பார்த்தார். பிறகு அவரும் நான்கு விரலைக் காட்டினார். எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. கையில் பாஸ்போர்ட்டோடு வந்து, அதைப் புவனேஸிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். இந்தக் கிழவி ஏமாற்ற மாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ.

9

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது புவனேஸ் போனாள். வாசலில் என் காலைத் தொடக் குனிந்தாள். "விழுந்து எந்திரிக்கப் பிளைட்டுக்கு நேரமாயிடும், போ மக்களே," என்றேன்.

நான் டூட்டியில் சேர்ந்தேன். நாலு மணிக்குப் போனால் அஞ்சரைக்கு வருவேன். "மாமிக்குத்தான் இந்த வீட்டுல ஓவர்டைம் இல்லாத வேலை," என்று மருமகன் கிண்டல் செய்தார். மேடத்துக்கு இப்போது பத்துப் பன்னிரண்டு தமிழ் வார்த்தை தெரியும். கிணறு, கொலுசு, ரத்தம், ஐயோ, புளியமரம். இதை வைத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு கிலோ தக்காளி வாங்க முடியாது. ஆனால் இதில் நாலு வார்த்தை ஷெரினுக்குத் தெரியாது.

ஜனவரியில் ஒரு நாள் மிஸ்டு கால் வந்தது. போன் கார்டைச் சுரண்டி நான் கூப்பிட்டேன்.

"கூட்டிட்டுப் போனேன் அம்மா," என்றாள் புவனேஸ். "வெள்ளச் சட்ட, கால்ல புதுச் சப்பாத்து. கிளாசுக்குள்ள விட்டுட்டு வெளிய மணிக்கணக்கா நின்னேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"நல்ல பிள்ள. சாயங்காலம்?"

"சாயங்காலம் ஓடி வந்து சேலயப் புடிச்சிக்கிட்டா. இன்னும் விடல." சிரித்தாள். ஆனால் போனை வைக்கவில்லை. கார்டில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னட்டி?"

"ஏஜென்ட் வந்தாரு அம்மா. குவைத்துல ஃபஹாஹீல்னு ஒரு ஊராம். நல்ல வீடாம், சின்னக் குடும்பமாம். ரெண்டே ரெண்டு வருசம்தான்னு சொல்றாரு. நாங்க இருக்குற லயத்து வீட்டுல கூரை வேற ஒழுகுது." உடனே பேச்சை மாற்றினாள். "அது கெடக்கட்டும். கெணத்துக்காரி என்ன ஆனா அம்மா? அதச் சொல்லுங்க மொதல்ல."

கிணற்றுக்காரி அன்றைக்கு மேடத்தின் அடுக்களையில் கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவ இப்ப இங்க இல்ல மக்களே."

"இல்லையா?"

"குவைத்துக்குப் போயிட்டா."

"குவைத்துக்கா?"

"ஃபஹாஹீல்ல. நல்ல வீடு, சின்னக் குடும்பம். அங்க கிச்சன்ல, வாஷிங் மெஷின் பக்கத்துல நிக்கா. வேலைக்குப் புதுசா ஒரு ஆளு வரப் போவுதுன்னு யாரோ சொல்லியிருக்காவ. அதான், வாசலையே பாத்துக்கிட்டு நிக்கா."

"அம்மா, நீங்க சும்மாதான சொல்றீங்க?"

"ஏட்டி, நான் என்னைக்கு உன்கிட்ட சும்மா சொல்லியிருக்கேன்?"

பின்னால் பிள்ளை எதற்கோ சிணுங்கியது. "இந்தா வாறேன் பாப்பா," என்று அதனிடம் சொல்லிவிட்டு, புவனேஸ் குரலைத் தாழ்த்தி, கிணற்றுக்காரிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி என்னிடம் சொன்னாள்:

"நாளைக்கே அந்த ஏஜென்ட்கிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லிடுறேன் அம்மா."